இரண்டாவது ரெங்கராஜ்

ரெங்கராஜை அதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கமுதிக்குப் பக்கத்திலிருந்த அவன் ஊரில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது, இரண்டு பக்கமும் பிரித்து முடித்த பிறகு மிஞ்சி நிற்பவன் அவன்தான். ஜுபைலுக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வந்ததுகூட அப்படித்தான். வர வேண்டிய ஒருவனுக்கு நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிய, பம்பாய் ஏஜெண்ட் கடைசி நேரத்தில் கையில் கிடைத்த இவனை விமானத்தில் ஏற்றிவிட்டான்.

எழுபத்தேழாம் வருஷம். ஜுபைல் அப்போது சவுதிக் கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அதைச் சுற்றிலும் மணல். மணல் மேல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன். அந்த மணலுக்கு நடுவே தகரமும் பலகையுமாக வரிசை வரிசையாக அறைகள் போட்டு, சுற்றிக் கம்பிவேலி கட்டி, கேம்ப் என்று சொன்னார்கள். உள்ளே பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம்.

அந்தக் கேம்பில் ஏற்கனவே ஒரு ரெங்கராஜ் இருந்தார். திருமயத்துக்காரர், மேஸ்திரி. தொழிலாளிகள் எல்லாருக்கும் தலையில் மஞ்சள் ஹெல்மெட் என்றால் அவருக்கு மட்டும் வெள்ளை. கடைசி ஆள் ஏறாமல் பஸ்ஸை எடுக்க விடமாட்டார். காய்ச்சல்காரனை சைட்டுக்கு இழுத்துப்போகப் பார்த்தால் கதவில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு ரெங்கராஜ் இருந்ததால் அவரைப் பெரிய ரெங்கராஜ் என்றார்கள். இவனைச் சின்ன ரெங்கராஜ் என்றுகூட யாரும் கூப்பிடவில்லை. "ஏப்பா கம்பி" என்பார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

ஒரு ஜூன் மாதத்து நண்பகலில் பெரிய ரெங்கராஜ் கான்கிரீட் மிக்ஸரின் நிழலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வெயில் அடித்துவிட்டது என்றார்கள். உடலைப் பிணவறையில் போட்டுவிட்டு, ஊருக்கு அனுப்புவது சிரமம் என்று கம்பெனி இழுத்தது. மறுநாளும் அதே வெயிலில் அதே இடத்தில் கான்கிரீட் ஊற்றச் சொன்னது. அன்றைக்கு டேங்கரில் வந்த குடிதண்ணீர் உப்புக் கரித்தது. எத்தனையோ நாளாகக் கரித்துக்கொண்டிருந்த தண்ணீர்தான். அன்றுதான் கேம்ப் அதைத் துப்பியது.

யாரும் பஸ் ஏறவில்லை. பிரேதம் ஊருக்குப் போக வேண்டும், உச்சி வெயிலில் வேலை கூடாது, நல்ல தண்ணீர் வேண்டும். இதைக் கம்பெனியிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முதலில் தியாகுவைப் பிடித்தார்கள். கல்லூரி வாசல் வரை போனவன், இங்கிலீஷ் பேசுவான். செத்தவரின் வெள்ளை ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்து ஆபீசுக்கு அனுப்பினார்கள். போனவன் ஏ.சி. வண்டியில் திரும்பி வந்து, ஸ்டாஃப் அறைக்குத் தன் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தான். கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "பாத்துக்கலாம்" என்றான். பெட்டியோடு அவனையும் தூக்கி வேலிக்கு வெளியே போட்டார்கள்.

அடுத்தது செய்கு அலாவுதீன். ஐந்து வேளை தொழுகிறவர், அரபி தெரிந்தவர், யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். "பொறுமையா இருங்க வாப்பா. வேலைக்குப் போயிக்கிட்டே கேப்போம்" என்றார். பொறுமை என்ற சொல்லை அவர் மூன்றாவது முறை சொன்னபோது யாரோ செருப்பை வீசினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மெஸ் மேஜையில் வைத்துவிட்டு அவர் அழுதுகொண்டே அறைக்குப் போனார்.

மெஸ்ஸில் ஒரே சத்தம். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். புதுக்கோட்டைக்காரனைச் சொன்னால் தஞ்சாவூர்க்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் சாரம் கட்டும் ராக்கப்பன் பெஞ்சின் மேல் ஏறினான். முதுகுளத்தூர்க்காரன், நாற்பதை நெருங்கியவன், கேம்பில் எல்லாரும் கொஞ்சம் பயப்படும் ஆள்.

"ரெங்கராஜ் செத்துட்டாருன்னு எவன்டா சொன்னது? இந்தா உக்காந்திருக்காரு பாரு!"

அவன் விரல் நீட்டிய இடத்தில் இவன் உட்கார்ந்திருந்தான், தட்டில் பாதிச் சோற்றோடு.

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. பிறகு மூலையிலிருந்து ஒருவன் "ரெங்கராஜ்!" என்று கத்தினான். அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் வேறு எந்தச் சொல்லும் கேட்கவில்லை. தூக்கி மேஜை மேல் நிறுத்தினார்கள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தார்கள். உள்ளே செத்தவரின் தலை எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

"ராக்கண்ணே, எனக்குப் பேச வராதுண்ணே" என்றான் ரெங்கராஜ், கீழே குனிந்து.

"ஒன்னைய யாரு பேசச் சொன்னா? முன்னால நில்லு தம்பி. பேசுறத நாங்க பேசிக்கிறோம்."

இறங்க இடம் தேடினான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஓர் இனிப்பு ஊறுவதும் அவனுக்குத் தெரிந்தது. அத்தனை பேர் வாயிலும் தன் பெயர். அது தன் பெயர்தானா, செத்தவரின் பெயரா என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

கேம்பிலேயே உட்கார்ந்திருந்தால் கம்பெனிக்கு வலிக்காது, ஆபீஸ் வரை நடப்போம் என்றது ராக்கப்பன். வழியில் தண்ணீர் டேங்கரைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தியது மட்டும் ரெங்கராஜின் சொந்த யோசனை. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தான். கூட்டம் வாசலில் நிற்க, அந்த டம்ளரோடு உள்ளே போய் லெபனான்கார மேனேஜரின் மேஜை மேல் வைத்தான். தெரிந்த இந்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"பீயோ."

குடி என்று அர்த்தம். மேனேஜர் டம்ளரைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குடிக்கவில்லை. பாதி ஊற்றிய அஸ்திவாரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு பகல் போனால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ரெங்கராஜின் உடல் ஊருக்குப் போனது. நண்பகலில் வேலை நின்றது. நல்ல தண்ணீர் வந்தது.

அந்த 'பீயோ' ஜுபைல் முழுக்கப் பரவிற்று. மற்ற கேம்ப்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் அவனைப் பார்க்க வந்தார்கள்.

கம்பெனியில் ஆட்கள் விவகாரங்களைக் கவனித்தவர் கல்யாணசுந்தரம் என்ற மெட்ராஸ்காரர். தம்மாமில் மனைவி, மகளோடு ஃபிளாட்டில் குடியிருந்தார். அடித்துத் துரத்த முடியாதவனை அருகில் வைத்துக்கொள்வது நல்லது என்று மேனேஜருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ரெங்கராஜைக் கூப்பிட்டு அனுப்பி, எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இனிமேல் அவன் கேம்ப் இன்சார்ஜ் என்றார். நெஞ்சில் பெயர் தைத்த சட்டை ஒன்றையும் நீட்டினார்.

"காலேஜ்ல ஹிஸ்டரி படிச்சேன். உங்களைப் பாத்தா ஒரு ஆள் ஞாபகம் வருது" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "பிரிட்டன்ல ரோமாபுரிப் படை ஒண்ணு இருந்தது. சிப்பாய்ங்க வரிசையா ரெண்டு பேரைத் தூக்கி ராஜா ஆக்கினாங்க, ரெண்டு பேரையும் அவங்களே கொன்னாங்க. மூணாவதா ஒரு சாதாரணச் சிப்பாயைப் புடிச்சாங்க. ஏன் தெரியுமா? அவன் பேரு கான்ஸ்டன்டைன். பழைய பெரிய சக்கரவர்த்தி ஒருத்தர் பேரும் அதுதான். அந்தப் பேருக்காகவே ஏத்திட்டாங்க."

"அப்புறம் என்ன ஆச்சு சார்?"

"கடல் தாண்டி வந்து பாதி நாட்டைப் புடிச்சான். அசல் ராஜாவே வேற வழியில்லாம, நீயும் ராஜாதான்னு அரச அங்கி அனுப்பி வெச்சான்."

ரெங்கராஜ் மடியிலிருந்த சட்டையைத் தடவிப் பார்த்தான். "அதுக்கப்புறம்?"

கல்யாணசுந்தரம் சிரித்தார். "அது பெரிய கதை. டீயைக் குடிங்க."

வரிசையின் கோடியில் ஏ.சி. வைத்த தனி அறை அவனுக்கு ஒதுக்கப்பட்டது. பஸ்ஸில் முன் சீட்டு அவனுடையது. முதல் மாதம் மெஸ்ஸில் எல்லோரோடும்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு சமையல்காரர் கௌஸ் முகம்மது தட்டை அறைக்கே கொண்டுவரத் தொடங்கினார். எவனாவது "ஏப்பா கம்பி" என்று பழைய வாய்க்குக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 'ராக்கண்ணே' எப்போது 'ராக்கப்பன்' ஆனது என்று அவனுக்கே தெரியாது. ராக்கப்பனுக்குத் தெரியும்.

துறைமுகத்துப் பக்கம் கம்பெனி இரண்டாவது கேம்ப் போட்டபோது, அங்கே யாரைப் பொறுப்பில் வைக்கலாம் என்று ரெங்கராஜிடம் கேட்டார்கள். ராக்கப்பனைச் சொன்னான். நன்றிக்குச் சொன்னான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்தால் எல்லாரும் இன்னும் ராக்கப்பன் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறார்கள் என்பது அவன் மனசுக்குள் இருந்த கணக்கு. அதே வருஷம் கல்யாணசுந்தரத்தின் தயவில், தன் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி ஆதிமூலத்துக்கும் விசா வாங்கி வரவழைத்துக்கொண்டான். பணிவான பையன் இல்லை, ஆனால் சொந்தக்காரன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொந்தக்காரனைத் தவிர வேறு யாரையும் அவனால் நம்ப முடியவில்லை.

அடுத்த கோடை வந்தது.

"ரெண்டு வாரம்தான் ரெங்கராஜ்" என்றார் கல்யாணசுந்தரம். "கப்பல் வந்து நிக்கப்போகுது, துறைமுக வேலை முடியல. மத்தியானமும் வேலை நடக்கணும்."

"பசங்க ஒத்துக்க மாட்டாங்க சார்."

"பசங்க ஒத்துக்க வைக்கத்தானே உங்களை வெச்சிருக்கோம்?"

வெச்சிருக்கோம். அந்தச் சொல் அவனைச் சுட்டது. எழுந்து வந்திருக்கலாம். ஏ.சி. அறை, முன் சீட்டு, ஊரில் பஞ்சவர்ணம் இப்போது தெருவில் நடக்கும் நடை எல்லாம் அந்த ஒரு கணத்தில் கண்ணுக்குள் வந்தன. "சரி சார்" என்றான்.

மறுநாள் காலை மெஸ்ஸில் மேஜை மேல் ஏறி நின்று பேசினான். அன்றைக்கு அவனுக்குப் பேச வந்தது. தடங்கலே இல்லாமல் வந்தது. கம்பெனி நம்மை மதித்தது, நாமும் கம்பெனியை மதிக்க வேண்டாமா என்று கேட்டான். ஆட்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்கள். அந்த வாரத்திலேயே கம்பி கட்டிக்கொண்டிருந்த மணல்மேல்குடிக்காரன் ஒருவன் உச்சி வெயிலில் சுருண்டு விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் நாக்குக் குழறிப்போயிற்று. அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோகும்போது, தூக்கியவர்கள் ரெங்கராஜின் ஹெல்மெட்டைத்தான் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

துறைமுகக் கேம்பில் ராக்கப்பன் மத்தியான வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு நேரே ரெங்கராஜின் அறைக்கு வந்தான். ஏ.சி. குளிரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"தம்பி, பெரியவரு செத்தது எதுக்கு? ஒன்னைய ஏத்துனது எதுக்கு?"

"ராக்கப்பன், கம்பெனி நெலமைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எந்தக் கம்பெனி? ஒங்க அப்பன் வச்ச கம்பெனியா?"

"மரியாதையாப் பேசு."

ராக்கப்பன் கதவைத் திறந்தான். "சரிங்க இன்சார்ஜ்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே துறைமுகக் கேம்புக்கு ஆதிமூலத்தைப் பொறுப்பாக அனுப்பினான் ரெங்கராஜ். அங்கே வண்டியை விட்டு இறங்கிய ஆதிமூலத்தை ராக்கப்பனின் ஆட்கள் மணலில் உருட்டி, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு, வந்த வழியே நடக்கவிட்டார்கள். கொதிக்கும் தார் ரோட்டில் உள்ளங்கால் கொப்பளிக்க அவன் வந்து சேர்ந்தபோது, அவனுக்குப் பின்னாலேயே துறைமுகக் கேம்ப் மொத்தமும் நடந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் ராக்கப்பன். போன வருஷம் ஆபீசுக்கு நடந்த அதே நடை.

கேட்டை மூடச் சொல்லி ரெங்கராஜ் கத்தினான். கேட்டில் நின்றவர்கள் அவனுடைய ஆட்கள், அவனை மேஜை மேல் தூக்கி நிறுத்தியவர்கள். அவர்கள் கேட்டை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

மெஸ்ஸுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். கூட ஆதிமூலமும், எங்கே போவது என்று தெரியாத சிலரும் இருந்தார்கள். வெளியே கூட்டம் உட்கார்ந்துகொண்டது. அடிக்கவும் இல்லை, கதவை உடைக்கவும் இல்லை. "எறங்கி வா" என்று மட்டும் அவ்வப்போது ஒரு குரல் வரும். நாட்கள் போயின. இரண்டு கேம்ப்புகளிலும் வேலை நின்றிருந்தது. உள்ளேயும் வெளியேயும் கௌஸ் முகம்மது ஒருவர்தான் போய்வந்தார். எந்தச் சண்டையிலும் சோற்றைத் தடுக்கக் கூடாது என்று இரு பக்கமும் அவரை விட்டுவைத்திருந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக, ஒன்றுக்குப் போகிறேன் என்று போய்த் திரும்பாமல் போனார்கள். ஒரு காலையில் ஆதிமூலம் எழுந்தான்.

"மாமா, நான் போயி அவங்ககிட்டப் பேசிப் பாக்குறேன்."

"காலு புண்ணா இருக்கேடா."

"பரவால்ல மாமா."

போனவன் ராக்கப்பனிடம் நிற்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி, நொண்டிக்கொண்டே கம்பெனி ஆபீசுக்குப் போய்விட்டான். யார் யார் முன்னால் நிற்கிறார்கள், யார் எந்த அறை என்று அவன் சொல்லித்தான் மறுநாள் போலீஸ் ஜீப்புகள் வந்தன என்று பின்னால் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஜீப்பைக் கண்டதும் துறைமுகக் கூட்டம் சிதறிவிட்டது. ராக்கப்பன் ஒருவன்தான் ஓடவில்லை. "யார் இவங்களைக் கூட்டி வந்தது?" என்று போலீஸ் கேட்டபோது, அவன் கூடவே நடந்து வந்தவர்களில் பிடிபட்டவர்கள் அவனைக் கைகாட்டினார்கள்.

உள்ளே ரெங்கராஜ் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தான். தன்னைக் காப்பாற்ற வந்தார்களா, பிடிக்க வந்தார்களா என்று அவனுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். பெயர் தைத்த சட்டையைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் திணித்தான். ஆணியில் தொங்கிய சமையல் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன தம்பி இது?" என்றார் கௌஸ் முகம்மது.

"நான் ஒண்ணும் இல்லண்ணே. ஒங்ககூட வெங்காயம் உரிக்கிற ஆளு. கேட்டா அப்படிச் சொல்லுங்க."

கௌஸ் முகம்மது ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணசுந்தரம் வந்து பார்த்தபோது அவன் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயமா, வேறா என்று அவர் விசாரிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"எதுக்குய்யா பயம்? உங்களை யார் என்ன சொல்லப் போறாங்க?"

"சார், இன்சார்ஜ் வேணாம் சார். கம்பியும் வேணாம். இந்தக் கிச்சன்லயே கெடக்குறேன். ஊருக்கு மட்டும் அனுப்பிறாதீங்க."

"அனுப்பல. தம்மாம் கேம்ப்ல கிச்சனுக்கு ஆள் கேட்டிருக்காங்க, அங்க போட்டுடறேன். என் பொண்ணு மேல சத்தியம். போதுமா?"

போதும். எழுந்து கை கழுவிக்கொண்டு பிக்கப்பில் ஏறினான். டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். கேட்டைத் தாண்டும்போது காலை ஷிஃப்ட் பஸ்கள் நின்றிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் காலில் கட்டோடு ஆதிமூலம் ஆட்களை வரிசையில் ஏற்றிக்கொண்டிருந்தான். தலையில் வெள்ளை ஹெல்மெட். மாமாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பஸ் படியில் தயங்கி நின்ற ஒருவனை "ஜல்தி, ஜல்தி" என்று முதுகில் தட்டினான்.

தம்மாம் போகும் பாதையில் பிரியாமல் வண்டி நேரே போனது. தஹ்ரான் விமான நிலையத்தின் கூரை தெரிந்தபோது ரெங்கராஜ் டிரைவரின் தோளைத் தொட்டான். "பாய், கிச்சன்?" டிரைவர் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "கிச்சன் மாஃபி. கலாஸ்" என்றான். மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது; அவ்வளவு அரபி அவனுக்குத் தெரியும். வாசலில் கம்பெனி ஆள் ஒருவன் பாஸ்போர்ட்டோடு நின்றான். திரும்பி வர முடியாத முத்திரை அதில் ஏற்கனவே குத்தப்பட்டிருந்தது. இடுப்பில் சமையல் துணி அப்படியே இருந்தது.

விமானத்தில் அவனுக்கு அடுத்த இருக்கை ராக்கப்பனுடையது. முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"ஒன்னைய ஏத்துனது என் தப்பு" என்றான் ராக்கப்பன், முன் சீட்டைப் பார்த்தபடி.

"எறக்குனது?"

"அது தப்பில்ல."

சாப்பாட்டுத் தட்டு வந்தது. மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை ராக்கப்பனால் பிரிக்க முடியவில்லை. விரல் இரண்டு மடங்காமல் இருந்தன. ரெங்கராஜ் அதை வாங்கிப் பிரித்துக் கொடுத்தான். பம்பாயில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஊரில் பஞ்சவர்ணம் எதையும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. தம்பி நல்ல நிலைமையில் இருக்கிறான், அவன் அனுப்புவதில்தான் அடுப்பு எரிகிறது. ரெங்கராஜ் வந்த சில மாதங்கள் டீக்கடையில் ஜுபைல் கதை சொன்னான். டேங்கர், டம்ளர், மேனேஜர் முகம் எல்லாம் சொன்னான். ஒருநாள் யாரோ, "அப்படிப்பட்ட ஆளை எதுக்குய்யா திருப்பி அனுப்புனாங்க?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை. கமுதியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கலுக்கு ஆதிமூலம் லீவில் வந்தான். வரவேற்க எல்லாரும் பரமக்குடி ஸ்டேஷனுக்குப் போனார்கள். வெள்ளைப் பேன்ட், கறுப்புக் கண்ணாடி, செண்ட் வாசம். அக்காவைக் கட்டிக்கொண்டான், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தான். ரெங்கராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். இறக்கி வைத்த பெட்டிகளில் பெரியதைத் தூக்க மாட்டு வண்டிக்காரன் திணறுவதைப் பார்த்த பஞ்சவர்ணம் திரும்பினாள்.

"நிக்கிறீகளே, ஒரு கை குடுங்க."

ரெங்கராஜ் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தான். பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். கழுத்து ஒரு தரம் நெளிந்து நேரானது.

"மாமா, பாத்து, பாத்து" என்றான் ஆதிமூலம். "உள்ள டேப்ரிக்கார்டர் இருக்கு."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, ரெங்கராஜ் படிகளில் கவனமாக இறங்கினான்.